கலர் மூடி

கேரளத்தில் எங்கோ வாத்து செத்தால்
புளியரையில் என் முதுகில் டேங்க் ஏறும்.
மலையிறங்கி வரும் வண்டிகளுக்கு
டயரில் மருந்தடிக்கிற தினக்கூலி,
ராத்திரி பத்து முதல் காலை ஏழு.
முட்டை லாரி என்றால் அடித்தட்டுக்கும் சேர்த்து.
ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே
சில சமயம் நாலு நிமிஷம்,
சில சமயம் நாற்பது.
அந்த நாற்பதை எங்கே கொண்டு வைப்பது
என்று தெரியாமல்தான் இந்த டப்பா.

இருமல் மிட்டாய் வந்த தகரம்.
மூடி கீலோடு இருக்கிறது, அதுதான் முக்கியம்.

காயலான் கடையில் செத்துக் கிடந்த ஃப்ரிட்ஜின்
கதவு ரப்பரைப் பிளந்தால்
உள்ளே கறுப்பு நாடாவாகக் காந்தம் ஓடுகிறது.
யாருக்குத் தெரியும்?
ஒரு முழம் அறுத்து வந்து
டப்பாவின் அடியில் துண்டு துண்டாகப் பரப்பினேன்.

டீக்கடை வாசலில் கலர் குடித்தவர்கள்
பல்லால் கடித்துத் துப்பிய மூடிகள் ஒன்பது.
காந்தத்தில் வைத்ததும் டக்கென்று உட்கார்ந்தன,
தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை.
கலர் மூடிக்குள் கலர்.
அந்தப் பெயரை நான் வைக்கவில்லை,
அவை ஏற்கெனவே அப்படித்தான்.

டியூப் மட்டும் காசு கொடுத்தது,
செங்கோட்டையில், எழுபத்தைந்து ரூபாய்.
மூடி நிரம்பப் பிதுக்கி இரண்டு நாள் காயவிட வேண்டும்.
அவசரப்பட்டு முதல் நாளே அடைத்தேன்,
மஞ்சளில் பூசணம் பூத்தது.

ரோட்டுக் கோடு போட வந்தவர்கள்
டின்னில் மிச்சம் விட்ட வெள்ளையை
மூடியின் உட்புறம் பூசினேன், கலக்குவதற்கு.
தண்ணீருக்குக் கண்சொட்டுக் குப்பி.
வாலை ஒடித்த பிரஷ், மை தீர்ந்த பேனாக் கூட்டில்.

ஒரே தொல்லை, சோடியம் விளக்கு.
அதன் கீழே எல்லா நிறமும் சாணி நிறம்.
அதனால் மூடி ஓரத்தில் ஆணியால் கீறினேன்:
நீ, ம, சி, ப.
பச்சைக்கும் ப, பழுப்புக்கும் ப.
என் மலைகளில் பாதி
விடிந்து பார்த்தால் கோடைக்கால மலை.

போன வியாழன் சப்-இன்ஸ்பெக்டர் ஞானதுரை
டார்ச்சோடு வந்தார்.
"முப்பிடாதி, என்னத்தம்மா டப்பாவுல?"
திறந்து காட்டினேன். வட்ட வட்டமாக ஒன்பது.
"மாத்திரையா?"
"கலரு சார்."
"கலரா, குடிக்கதா?"
ஆள்காட்டி விரலை எச்சில் தொட்டு
'நீ'யில் தேய்த்து, மோந்து பார்த்து,
நாக்கிலும் வைத்துப் பார்த்தார்.
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இதுல காக்கி எங்க?"

காக்கி தனியா வராது சார், கலக்கணும்.
கலக்கு என்பது போல நின்றார்.
மஞ்சள் ஒரு தொடு,
ப ஒரு தொடு. எந்தப் ப என்றாலும் காக்கிக்குச் சரிதான்,
அந்த ஒரு முறை எனக்குக் கவலையில்லை.
மிச்சத்துக்கு பிரஷ் கழுவிய அழுக்குத் தண்ணீர்.

சட்டைக் கையை டப்பா மூடியருகே நீட்டினார்.
அச்சாகப் பொருந்தியது.
அந்த விளக்கில் எதுவும் எதோடும் பொருந்தும்,
அதை நான் சொல்லவில்லை.

ஆரியங்காவிலிருந்து இறங்கிய ஷிஜுவின் முட்டை வண்டி
ஹாரன் அடித்தது.
டேங்கைத் தூக்கி ஓடினேன்,
முன்சக்கரம், பின்சக்கரம், அடித்தட்டு.
பதிவேட்டை அவரே புரட்டி
வண்டி நம்பரைச் சரிபார்த்து அனுப்பினார்.

ஆறரைக்கு விளக்கு அணைந்தது.
மலைப் பக்கமிருந்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக.
மூடியில் காய்ந்திருந்தது காக்கியே இல்லை,
நனைந்த தேக்கிலையின் அடிப்பக்கம்.
கழுவவில்லை.

பகல் ஷிப்டுக்கு வந்த ஐயம்பெருமாள்
பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
ஷிஜுவின் வண்டி எண் மீது
நீலமாக ஒரு விரல்.
"இது ஒண்ணா, ஏழா?" என்றான்.