அறுபத்துமூன்று வீதத்தில்

அறுபத்துமூன்று வீதத்தில் நின்றுவிடும் என் கொம்பியூட்டர்.
திரையில் ஒரு மாப்பிள்ளை
தாலிக்கொடி ஏந்திய கையோடு
ஒன்றரை மணித்தியாலமாக நிற்கிறார்.
குனிந்த தலை நிமிராமல் பெண்.
தேத்தண்ணி ஊற்றிக் குடித்து
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்க்கிறேன்.
அறுபத்துமூன்று.

ஒரு நல்ல கிராபிக்ஸ் காட் போட்டால்
இவர்கள் கலியாணம் முடிந்து வீட்டுக்குப் போகலாம்.

அது இருக்கிறது, ஸ்ரான்லி வீதியில்,
சுகிர்தனின் கடைக் கண்ணாடி அலுமாரியில்,
இரண்டாம் தட்டு, இடது மூலை.
பங்குனியில் கேட்டேன்: ஒரு இலட்சத்து நாற்பத்தெட்டு.
புது மொடல் வருகுதாம், பழசு விழும் என்றார்கள்.
பொறுத்தேன்.
வருசத்துக்கு விசேட சலுகை என்று பலகை வைத்தான்.
ஓடிப்போய்ப் பார்த்தால்
அதே விலை, மவுஸ் வைக்கிற மட்டை ஒன்று இலவசம்.
வைகாசியில் டொலர் இறங்கியது.
"அக்கா, இது பழைய டொலரில எடுத்த சாமான்."
ஆனியில் டொலர் ஏறியது.
"அக்கா, இப்ப புது டொலர்."
ஏறும்போது மட்டும் டொலருக்கு
யாழ்ப்பாணத்துக்கு வழி தெரியும்.
இறங்கினால் கொழும்பிலேயே தங்கிவிடும்.

பம்பலப்பிட்டியில் ஒன்பதாயிரம் குறைவு.
இரவு பஸ் போக, வர,
விடியப்புறம் முகம் கழுவ ஒரு இடம்,
இரண்டு நேரச் சாப்பாடு, ஓட்டோ.
பழைய அல்பத்தின் பின்மட்டையில் கூட்டிக் கழித்தேன்.
மிச்சம் ஆயிரத்து நூறு,
பழுதானால் அதே பஸ்ஸில் மறுபடி.

கொக்குவில் சந்தியில் ஒருவன்
குழந்தைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தான்.
பாவித்ததாம், ஆனால் பாவிக்காத மாதிரியாம்.
மூக்கருகே பிடித்தேன்.
இரவு பகலாய் யாருக்கோ காசு தோண்டிய
கருகல் மணம்.
"தம்பி, துவாயை மட்டும் தாறீரா?" என்றேன்.
சிரிக்கவில்லை அவன்.

ஆடி வந்தது. கலியாணங்கள் இல்லை.
மத்தியானம் கடையில் ஆளில்லை,
மின்சாரமும் இல்லை.
"பிடிச்சுப் பாருங்கோ" என்று பெட்டியை எடுத்துத் தந்துவிட்டு
சுகிர்தன் பாணும் பருப்பும் சாப்பிடப் போனான்.

பெட்டியின் ஓரத்தில் விலை ஒட்டிய இடம்
தழும்புபோலத் தடித்திருந்தது.
நகத்தால் கிளப்பினேன்.
ஒன்று ஐம்பத்திரண்டு. அதன் கீழே ஒன்று நாற்பத்தெட்டு.
இவை இரண்டும் என் காலத்தவை.
அதற்கும் கீழே ஒன்று அறுபத்தைந்து.
ஒன்று தொண்ணூறு.
அடியில், மஞ்சளாகி, வேறு யாரோ எழுதிய உருண்டைக் கையெழுத்தில்
இரண்டு இலட்சத்து முப்பத்தைந்தாயிரம்.

எனக்குத் தெரியாமல்
இவ்வளவு படி இறங்கி வந்திருக்கிறது இது.

வாயைத் துடைத்தபடி வந்தவன்
கிளம்பிய ஒட்டுக்களைப் பார்த்தான். கோபிக்கவில்லை.
"பெற்றோல் வரிசைக் காலத்தில எடுத்தது, அக்கா.
எனக்கே ரெண்டு பத்து விழுந்தது.
ஏறும் எண்டு நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

ஒரே கண்ணாடிக்கு
இந்தப் பக்கம் இறங்கட்டும் என்று ஒருத்தி,
அந்தப் பக்கம் ஏறட்டும் என்று ஒருத்தன்.
நடுவில் மின்விசிறி ஒருமுறைகூடச் சுற்றாத அது.

பாவமாகத்தான் இருந்தது.
பாவம் வேறு, பேரம் வேறு.
"ஒண்டு இருபது" என்றேன்.
"ஒண்டு நாப்பது, கடைசி."
"ஒண்டு இருபத்தஞ்சு."
"ஆவணி முதல் முகூர்த்தம் வரட்டும், பாப்பம்."
யாருடைய முகூர்த்தம் என்று அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
கிளம்பிய ஒட்டுக்களைப் பெருவிரலால்
ஒவ்வொன்றாக அழுத்தி மூடினான்.

வெறுங்கையோடு வர மனமில்லை.
சூடு தணிக்கிற பசை ஒரு குழாய், அறுநூற்றைம்பது.
ஐம்பது குறைக்கச் சொன்னேன். குறைத்தான்.

வீட்டில் பழைய காட்டைக் கழற்றித் தூசு தட்டி
பட்டாணி அளவு பசை வைத்து மூடினேன்.
மின்சாரம் வர, அழுத்தினேன்.
அறுபத்துமூன்று.
அறுபத்துமூன்று.
அறுபத்துநான்கு.

மாப்பிள்ளையின் கை
ஒரு விரற்கடை
இறங்கியிருந்தது.