ஒரே துளை

ஜூலை. ஷாமரெல் சரிவில் குளிர்.
முசே லாகோஸின் துப்பாக்கிக்கு வால்நட் கட்டை,
பக்கத் தகட்டில் வெள்ளிப் பூவேலை.
திறந்தால் சத்தமே வராது.
வையாபுரியுடையது மூன்று கை மாறியது;
கட்டையைச் சுற்றி சைக்கிள் டியூப்,
மடக்கினால் தகரக் கதவு.
இரண்டிலும் ஒரு தோட்டாதான் போகும்,
கியூர்பிப் கடையில் வாங்கிய அதே பெட்டி.

இரண்டும் ஒன்றாக வெடித்தன.
விழுந்த மான் ஒன்று. துளையும் ஒன்று.
தோல் உரிக்கிறவன் நான்,
என்னைக் கேட்டார்கள்.

விலாவுக்குள் விரலை விட்டுத் துழாவினேன்:
நசுங்கிய ஈயம், புளியங்கொட்டை அளவு.
கழுவிக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்கள்.

கொம்பு முசேயின் ஜீப்பில் ஏறியது.
யாரும் ஏனென்று கேட்கவில்லை.
வையாபுரி அப்போதுதான் துப்பாக்கியை மடக்கினான்;
காலிக் கூடு தெறித்து
என் ரத்த வாளியில் விழுந்தது,
இன்னும் புகைந்துகொண்டு.