ஐந்தாவது தோட்டா

மூன்றாவதில்தான் சிக்கும்.
முதல் இரண்டையும் சமர்த்தாக விழுங்கிவிட்டு
மூன்றாவதை வாசலில் மூக்கிடிக்க நிறுத்திவிடும்
பெர்னதெத் மேடத்தின் ரைஃபிள்.

அது பிறந்தபோது தின்ற தோட்டா
இப்போது எந்தக் கடையிலும் இல்லை.
கொஞ்சம் குட்டையாய், தோள் அகன்ற வேறொன்றுக்குக்
குழலை மாற்றி
கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸையும் திருத்தி வாங்கிவிட்டார்.
குழல் ஒத்துக்கொண்டது.
மேகஸின்தான் முறைத்தது.

செவ்வாய்ப்பேட்டையில் என் பட்டறை.
பக்கத்துச் சுவரில் கொலுசுக்கு மெருகு போடுகிறார்கள்.
அந்தச் சலசலப்புக்குள்
மருந்தில்லாத ஐந்து பித்தளையை வைத்துக்கொண்டு
தள்ளு, இழு, தள்ளு.
ஒரு மயிரிழை அரம் பிடித்தால் சிக்கும்.
இரண்டு பிடித்தால்
ஒன்றுக்கு இரண்டாகத் துப்பும்.

பதினேழாம் நாள் ஐந்தும் போயின, ஐந்தும் வந்தன.
கொலுசுக்காரர்களுக்கும் சேர்த்துத் தட்டுவடை செட் வாங்கினேன்.

ஐப்பசி மழையில், நடு ராத்திரி, நாகலூரிலிருந்து போன்.
"மிளகுக்கொடி நடுவுல காட்டுமாடு.
சுட மனசு வரல.
கை நடுங்கி போல்ட்ட மட்டும்
இழுத்து இழுத்துத் தள்ளிட்டே இருந்தேன்.
நின்னு கேட்டுச்சு.
அப்புறம் போயிடுச்சு."

"சிக்குச்சா மேடம்?"

"ஒண்ணுகூட இல்ல. அதான் வினையே.
அஞ்சும் வெளிய விழுந்துடுச்சு.
நாலுதான் கெடைக்குது."

ரெஜிஸ்டரில் ஐந்து.
மாடு கேட்டுவிட்டுப் போனது என்று
ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க முடியுமா?

முதல் பஸ்.
இருபது கொண்டை ஊசி.
ஒவ்வொன்றிலும் மூக்கை நீட்டி, தயங்கி,
பின்பக்கத்தை வெட்டி இழுத்துக்கொண்டு
அடுத்த மேட்டில் நுழைந்தது பஸ்.
அந்தக் கோணம் எனக்குத் தெரியும்.
பதினேழு நாள் அதோடுதான் குடித்தனம்.

சில்வர் ஓக் சருகு, காப்பிச் செடி, அட்டை.
குனிந்தபடி நாங்கள் மூன்று பேர்.
"சுடாத துப்பாக்கிக்கு எதுக்கு இத்தன ரிப்பேரு?"
என்று கேட்டாள் வெள்ளச்சி.
நான் சருகைப் புரட்டினேன்.

அவள்தான் கண்டாள்.
மாட்டின் குளம்புத் தடத்தில் தேங்கிய தண்ணீரில்
மூக்கு மட்டும் தெரிய நின்றிருந்தது.
மேடம் சிலுவை போட்டுக்கொண்டார்.

சட்டையில் துடைத்து
வெளிச்சத்தில் திருப்பினேன்.
இடது தோளில்
நூல்போல ஒரு கீறல்.

அந்தப் பக்கம்
இன்னும் கொஞ்சம் அரம் பிடிக்கணும்.