முதுகுப் பக்கம்

கப்பலில் இறங்கிய கட்லொக்;
உப்புக்காற்றில் ஓரம் சுருண்டிருந்தது.
முப்பத்தோராம் பக்கத்தில் ஒருத்தி
குளிர்ப்பெட்டியைத் திறந்து வைத்துச் சிரிக்கிறாள்.
உள்ளே பால், முட்டை, ஒரு முழுக்கோழி.
யன்னலுக்கு வெளியே நிற்கும் காருக்கும்
அவள் உதட்டின் நிறம்.

“இதே கவுண், சேகுமதார் நானா,
உயிர்த்த ஞாயிறுக்கு முந்தி.”
டொக்யாட் கிளார்க்கின் மகள் பிலோமினா.
கீழ்ச்சுற்றுக்கே ஏழு யார் வேணும்.
அவள் கொண்டு வந்தது நாலரை.

வெட்டும்போதுதான் கண்டேன்:
படத்துக்காரிக்கு முதுகு இல்லை.
பொத்தானா, கொக்கியா,
கழுத்து எவ்வளவு இறங்கும்,
அமெரிக்கா சொல்லவில்லை.

முதுகை நானே யோசித்துத் தைத்தேன்,
உப்புவெளி வெயிலுக்குக் கொஞ்சம் மூடி.
பூசையில் பின்வாங்குக்காரர்
பார்த்துக்கொண்டிருந்தது
என் பக்கத்தைத்தானாம்.

கட்லொக் இன்னும் மெசினடியில் விரிந்து கிடக்கிறது.
அவள் பெட்டியை மூடுவதாயில்லை.
திருக்கோணமலைச் சூட்டில்
அந்தப் பால் எப்பவோ திரைந்திருக்கும்.