நுரைப்பாளம்

குளச்சலில் வாங்கின பைபர் வள்ளம்
முட்டத்துப் பாறை தாண்டவே மூச்சு வாங்கியது.
எஞ்சினைத்தான் ஏசினோம், ததேயுஸும் நானும்.
இரண்டு பிளக் மாற்றினோம்.

தடைக்காலத்தில் தரையை அறுத்தேன்.
பிளைவுட்
நனைந்த அப்பளமாய்க் கையோடு வந்தது.
அடியில், மிதக்கவென்று வைத்த நுரைப்பாளம்
குடித்துக் குடித்துக் கனத்துக் கிடந்தது.
மிதித்தேன்:
முன்னவனின் மூன்று வருசக் கடல்
என் காலில் ஓடியது.
கூடவே, ஏதோ பிள்ளையின்
நீலப் பொத்தான்.

மழை விட்ட நேரம் பார்த்து
ரெசின் கலக்குகிறேன்.
ஹார்டனர் ஒரு மூடி கூடினால்
கையிலேயே கொதித்து இறுகும்.
இறுகிற்று, இரண்டு தடவை.
என் சட்டைக்குத் தனி வாளி வைத்துவிட்டாள் பிரிஜித்தா;
கண்ணாடித் தூள் அவளையும் அரிக்கிறது.

நாளை மூட வேண்டும்.
பொத்தானை உள்ளேயே போடுவதா, தெரியவில்லை.
பின்பக்கம் விரல் நுழையும் துளை ஒன்று விட்டிருக்கிறேன்,
வந்த தண்ணீர்
போவதற்கு.