காணாக்கடி

என் முகத்தின் இடப்பக்கம்
வலப்பக்கத்தைவிடப் பத்து வயது மூத்தது.
முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவன்.
இடப்புறம் ஜன்னல், மூடித்தான் இருந்தது.
கண்ணாடி காற்றை நிறுத்தியது,
மழையை நிறுத்தியது
(புந்தா அரேனாஸில் மழை படுத்துக்கொண்டேதான் பெய்யும்),
வெயிலில் ஏதோ ஒன்றை மட்டும்
டிக்கெட் கேட்காமல் உள்ளே விட்டிருக்கிறது.

யெர்கா என் தாடையைப் பிடித்துத் திருப்புவாள்:
இப்படித் திரும்பினால் புருஷன்,
அப்படித் திரும்பினால் மாமனார்.

அவள் கதை வேறு.
ஐந்தே நிமிடம்.
துணிக்கொடிவரை போய்
மூன்று சட்டையும் ஒரு போர்வையும் போட்டுத் திரும்புவதற்குள்
முன்கையெல்லாம் தடிப்பு,
கழுத்தில் தடிப்பு,
காதுமடல் பணியாரம்போல் உப்பிவிட்டது.
வெளியே நாலு டிகிரி.
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள
நகராட்சி தெருமுனையில் கயிறு கட்டிய நாள் அது.
குளிரில் நடுங்கிக்கொண்டே எரிந்தாள்.

முதலில் சோப்பு என்றோம்.
பிறகு நண்டு.
தொழிற்சாலையில் அவள் கையில் ஓடு உடைபடும்
அந்த முள்நண்டுகளை
ஒரு வருடம் முழுக்கக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினோம்.
என் தங்கை ஃபுளோரிந்தா
பக்கத்து வீட்டுக்காரியின் பொறாமை என்றாள்.
வெயிலை யார் சந்தேகிப்பது?
எங்கள் ஊரில் அது
எப்போதாவது வரும் விருந்தாளி.

தோல் மருத்துவர் அவள் முதுகில்
தபால்தலை அளவில் ஆறு ஜன்னல்கள் வைத்தார்.
ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கூடுதலாக விளக்கு.
மூன்று வரை வெறும் தோல்.
நான்கு சிவந்தது.
ஐந்தும் ஆறும் எழுந்து உட்கார்ந்தன.
வெயில்தான் எதிரியா என்றேன்.
இல்லையாம்.
வெயில் பட்டதும் அவள் தோலுக்குள் ஏதோ ஒன்று
உருமாறிவிடுகிறதாம்,
அதை அந்நியன் என்று நினைத்து
உடம்பு ஆயுதம் எடுக்கிறதாம்.
வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யெர்கா பேசவில்லை.
பிறகு, கதவைத் திறக்கும்போது:
"அப்படியானால் நான்தான் எனக்கு ஆகவில்லை."

பிளாசாவில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு,
வண்டிகளுக்கு அல்ல, தோலுக்கு.
பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு,
எல்லாவற்றுக்கும் மேலே ஊதா.
அக்டோபரில் வானம்
முழங்கை தேய்ந்த கம்பளிச்சட்டைபோல் மெலிந்துவிடும்,
அப்போது ஊதா எரியும்.
ஊதா.
யாரும் ஊதாமலே கனலும் அடுப்பு.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொப்பியை மறந்துவிட்டு
அதன் கீழே பந்து விளையாடுவார்கள்.

யெர்கா இரவு வேலைக்கு மாறினாள்.
டிசம்பரில் இங்கே இரவு என்பது
கொட்டாவி விட்டு வாயை மூடும் நேரம்.
ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்தேன்.
ஒரு ஆணி ஓட்டை வழியே வந்த கோடு
படுக்கைமேல் நகர்வதை
பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஜூன் வந்தால் ஊரே புலம்பும்,
நான்கரைக்கே இருட்டிவிட்டதென்று.
நாங்கள் அப்போதுதான் கிளம்புவோம்.
நீரிணை ஓரமாக,
முகத்தில் எதுவும் பூசாமல், கையுறை இல்லாமல்,
அவள் கை சில்லென்று, வழவழப்பாக.

முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே.
ஆகஸ்டில் சிகிச்சை ஆரம்பித்தார்கள்:
சவப்பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல் ஒரு அறை,
சுற்றிலும் குழல்விளக்குகள்.
அதே ஒளி, சொட்டுச் சொட்டாக.
முதல் நாள் ஏழு நொடி.
கதவுக்கு வெளியே நின்று நான் சத்தமாக எண்ணினேன்,
செவிலி வேண்டாமென்றும் கேட்கவில்லை.
பதினொன்று. பதினைந்து.
ஒரு வாரம் தடித்து, பின்வாங்கி,
மறுபடி ஒன்பதிலிருந்து.
நவம்பரில் மருத்துவர் கணக்குப் போட்டுச் சொன்னார்:
இருபது நிமிடம்.

கடற்கரைக்குப் போவாள் என்று நினைத்தேன்.
பேருந்தில் என் பின்னால் ஜன்னலோரம் உட்காருவாள் என்று,
உண்மையைச் சொன்னால், ஆசைப்பட்டேன்.
அவள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.
ஒவ்வொரு சட்டையையும் உதறி,
மடிப்பு நீவி,
ஒரு காலுறைக்கு இரண்டு கிளிப்.
அப்படியொரு சோம்பேறித்தனத்தை நான் பார்த்ததில்லை.
சமையலறை வாசலில் கடிகாரத்தோடு நின்று
"பதினெட்டு" என்றேன்.
"இன்னும் ஒன்று இருக்கிறது."
அந்த ஒன்றைக் காற்று பிடுங்கிக்கொண்டது.
வேலி தாண்டி, தெரு தாண்டி,
காலுறைக்குப் பின்னால் ஓடுகிறாள் யெர்கா,
தலைத்துணி விலகியது தெரியாமல்.
பத்தொன்பது என்கிறேன்,
பத்தொன்பதரை.