ஆறு மணிக்கு வெளிச்சம் போதாது

புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது.
வீரவநல்லூர் ஸ்டூடியோவின் ஷட்டரைப்
பாதி தூக்கி வைத்துவிட்டு
பாஸ்போர்ட் அளவுக்கு வருகிறவர்களின் காதுகள்
தெரியும்படி திருப்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டின் புறவாசலில்
துவைகல்லுக்கு மேலே ஒரு குழாய்.
எவ்வளவு இறுக்கினாலும்
மூன்று எண்ணுவதற்குள் ஒரு சொட்டு.
அதற்குக் கீழே ஒரு பள்ளம், சேம்பு, வாழைச்சருகு,
சருகுக்கடியில் என்னவெல்லாமோ நெளியும்.

அங்கேதான் வந்து இறங்கியது.
முதலில் பார்த்தது நானில்லை,
ஏனம் கழுவப் போன மரகதவல்லி.
"பெயிண்டுக் கடைக்குள்ள விழுந்து எந்திரிச்சாப்ல
ஒரு குருவி நிக்கி, சத்தங்காட்டாம வாங்க."

பச்சை முதுகு.
சிறகில் ஒரு நீலம், தீப்பெட்டிப் படத்து நீலம்.
நெஞ்சு,
உருக்கின நெய் ஆறும்போது இருக்குமே, அது.
வாலடியில் குங்குமம்.
வாலோ பாதியிலேயே தீர்ந்துபோயிருந்தது.
கண்ணோரம் அகலமாய் மைக்கோடு,
அம்பையிலிருந்து மேக்கப்புக்கு
யாரையும் கூட்டிவராமல்.

ஆறுமணிக்குருவி என்பார்கள் எங்கள் பக்கம்.
காலை ஆறுக்கு இரண்டு சீட்டி,
மாலை ஆறுக்கு இரண்டு.
மற்ற நேரமெல்லாம் சருகோடு சருகு.

என் கஷ்டம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.
ஆறு மணிக்கு வெளிச்சம் போதாது.
ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால்
நெஞ்செல்லாம் ரவை தூவியதுபோல் புள்ளி.
இறக்கினால்
குருவி நின்ற இடத்தில் ஒரு பச்சைப் புகை.
ஃபிளாஷ் போடலாம்.
மண்டபங்களில் ஆயிரம் பேர் கண்ணில் அடித்த கைதான்.
இதன் கண்ணில் அடிக்க விரல் வரவில்லை.

பதினோரு நாள்,
குளியலறையின் சிமெண்ட் ஜாலிக்குள்
லென்ஸின் மூக்கை நுழைத்து
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தேன்.
தாடையைக் கொஞ்சம் தூக்குங்க,
இந்தப் பக்கம் பாருங்க,
வாய்வரை வந்து திரும்பிப் போயின
பிழைப்பின் வார்த்தைகள்.

பன்னிரண்டாம் நாள்
ஸ்பேனரோடு வந்து நின்றான் பிளம்பர் மாசானமுத்து.
வீட்டுக்காரி சண்முகவடிவு அனுப்பினாளாம்,
தொட்டித் தண்ணி ராவோட ராவா காலியாகுதுன்னு.
"ஒரு வாசர்தான் வே. அஞ்சு நிமிசச் சோலி."
"மாத்தாண்டாம்."
"எதுக்கு?"
"ஒரு குருவி குடிக்கி."

என்னைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான்.
கழற்றினான், புது வாசர் போட்டான், இறுக்கினான்,
பிறகு கால் சுற்றுத் தளர்த்தினான்.
இரண்டு பேரும் எண்ணினோம்.
மூன்றில் விழவில்லை. நான்கிலும்.
ஏழில் விழுந்தது.
"அந்தம்மாவுக்கும் குருவிக்கும் பொதுவா வச்சிருக்கேன்"
என்று சொல்லிக் கூலியில் பத்து ரூபாய் கூடக் கேட்டான்.

அன்று மாலை ஐந்து ஐம்பத்தெட்டுக்கு
மலைக்கு மேல் மேகம் விலகி
துவைகல்லில் ஒரு கை அகலம் வெயில்.
குருவி வந்தது,
சொட்டுக்காகக் கழுத்தை நீட்டியது.
மூன்றுக்குப் பழகியிருந்த அது
ஏழுவரை
நீட்டிய கழுத்தோடு அப்படியே நின்றது.
மிச்சமான அந்த நாலு எண்ணிக்கையில்தான்
எனக்குப் படம் கிடைத்தது.

ஐப்பசியின் முதல் முகூர்த்தம் பத்தமடையில்.
மாலையும் கழுத்துமாக இருவர்
பல் தெரியச் சிரித்தபடி நின்றார்கள்.
நான் அமுக்கவில்லை.
மூன்று. நாலு.
அஞ்சில் பெண் சிரிப்பை இறக்கி வைத்துவிட்டு
மூக்கைச் சொறிந்தாள்,
மாப்பிள்ளையிடம் என்னவோ கேட்டாள்.
"என்ன வே, தூங்கிட்டீரா?" என்றார்
தாய்மாமன்.

ஆறு.